ஜன்னல் கம்பி வளைந்து தெரிகிறதா?

எழுபதைத் தாண்டியவர் பேப்பரைத் தூரத் தள்ளி, கிட்டே இழுத்து, கடைசியில் மடித்து வைத்துவிட்டால் வீட்டில் உடனே வரும் பேச்சு ஒன்றுதான்: “புரையா இருக்கும், கொஞ்சம் முத்தட்டும், ஆபரேஷன் பண்ணிக்கலாம்.” பல நேரம் அது புரையாகவே இருக்கும். புரை சில மாதம் காத்திருக்கவும் செய்யும். ஆனால் அதே வயதில், அதே மங்கலோடு வருகிற இன்னொரு நோய் உண்டு. முதுமையில் மாகுலா சிதைவது அது. கண் ஆஸ்பத்திரியில் சுருக்கமாக ஏ.எம்.டி. என்பார்கள். இதில் ஒரு வகைக்குச் சில வாரத் தாமதமே பெரிய நஷ்டம். போன பார்வையைப் பெரும்பாலும் திரும்பப் பெற முடியாது.

கண்ணின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய ஏடு விழித்திரை. அதன் நடுவே சுமார் 5 மில்லிமீட்டர் அகலமுள்ள இடம் மாகுலா. படிப்பது, ஊசியில் நூல் கோப்பது, எதிரில் நிற்பவர் யாரென்று தெரிந்துகொள்வது எல்லாம் அந்தச் சின்ன இடத்தின் வேலை. விழித்திரை பிடித்த காட்சியை மூளைக்குக் கொண்டுபோவது பார்வை நரம்பு. அதில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பிழைகள் ஓடுகின்றன. மாகுலா சிதைவில் அடிபடுவது விழித்திரையின் நடுப்பகுதி. கண்ணழுத்த நோயான கிளாக்கோமாவில்தான் பார்வை நரம்பு கெடும். இரண்டும் எதிரெதிர் நோய்கள் என்றே சொல்லலாம். கிளாக்கோமாக்காரர் கடைசிவரை பேப்பர் படிப்பார், ஆனால் பக்கவாட்டில் இருக்கும் நாற்காலியில் இடித்துக்கொள்வார். ஏ.எம்.டி. வந்தவர் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு சரியாக நடந்துவருவார். எதிரில் நிற்கும் மருமகனின் முகம் மட்டும் தெரியாது. கல்யாண மண்டபத்தில் “பெரியவருக்கு எவ்வளவு கர்வம், பார்த்தும் பார்க்காத மாதிரி போறார்” என்று பேச்சு கிளம்புவது இப்படித்தான். கீழே கிடக்கும் வெற்றிலையை மிதிக்காமல் தாண்டுகிறாரே, கண் தெரியாதவர் என்று யார் நம்புவார்கள்?

ஆகவே “நரம்பு வீக்கா இருக்கு” என்று ஒற்றை வரியில் சொல்லி அனுப்பினால் எழுந்து வந்துவிடாதீர்கள். விழித்திரையா, பார்வை நரம்பா? உலர் வகையா, நீர் கசியும் வகையா? இந்த இரண்டு கேள்விக்கும் பதிலைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். கிளாக்கோமாவுக்கான சொட்டு மருந்து மாகுலாவுக்கு உதவாது.

உலர் வகையே அதிகம். பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு அதுதான். விழித்திரைக்கு அடியில் மஞ்சள் நிறக் கழிவுப் படிவுகள் சேர்ந்து, வருடக்கணக்கில் மெதுவாகப் பார்வை குறையும். கசியும் வகை குறைவானவர்களுக்கே வரும். ஆனால் ஏ.எம்.டி.யால் வேகமாகக் கடும் பார்வையிழப்பு வருவது பெரும்பாலும் இதனால்தான். அடியில் புதிதாக முளைக்கும் நோஞ்சான் ரத்தக்குழாய்கள் நீரையும் ரத்தத்தையும் கசியவிட, விழித்திரை உப்பி மேடாகும். மேட்டில் விழும் நேர்க்கோடு வளைந்து தெரியும். உலர் வகை எப்போது வேண்டுமானாலும் கசியும் வகையாக மாறலாம் என்பதால் உலர் வகைக்காரரும் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

இதைக் கண்டுபிடிக்க வீட்டு ஜன்னல் போதும். படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உள்ளங்கையால் ஒரு கண்ணை அழுத்தாமல் மூடி, ஜன்னல் கம்பியையோ தரையில் டைல்ஸ் இணையும் கோட்டையோ பாருங்கள். பிறகு மறு கண். கம்பி நெளிந்தாலோ, நடுவில் ஒரு துண்டு காணாமல் போனாலோ, புள்ளிக் கோலத்தில் நடுப்புள்ளிகள் அழுக்குப் பட்டதுபோல் மங்கினாலோ அதே வாரம் விழித்திரை மருத்துவரிடம் போக வேண்டும். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்ப்பது முக்கியம். இரண்டும் திறந்திருந்தால் நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும். மறு கண்ணும் விழும்வரை ஒரு கண் போனதே தெரியாதவர்கள் உண்டு. ஸ்விஸ் கண் மருத்துவர் மார்க் ஆம்ஸ்லர் வடிவமைத்த கட்டம் போட்ட அட்டையை மருத்துவமனையில் தருவார்கள். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைத்து அதில் பார்ப்பது இன்னும் துல்லியம்.

மருத்துவமனையில் கேட்டு வாங்க வேண்டிய பரிசோதனை ஓ.சி.டி. ஸ்கேன். ஊசி இல்லை, வலி இல்லை, சில நிமிட வேலை; விழித்திரையின் குறுக்குவெட்டைப் படமாகக் காட்டிவிடும். புரை ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் முன்பே விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆபரேஷன் முடிந்தும் எழுத்து தெரியாமல், லென்ஸ் சரியில்லை என்று சண்டை போடும் குடும்பங்கள் பல. பழுது லென்ஸுக்குப் பின்னால் முன்பே இருந்திருக்கும்.

கசியும் வகைக்கு இன்றிருக்கும் சிகிச்சை கண்ணுக்குள் போடும் ஊசி. புதுக் குழாய்கள் முளைக்கத் தூண்டும் புரதத்தை அந்த மருந்து அடக்கிவைக்கிறது. கேட்டவுடன் குலை நடுங்கும்தான். மரத்துப்போகச் சொட்டு விட்டு, அயோடின் கரைசலால் கண்ணைக் கழுவி, முடி போன்ற மெல்லிய ஊசியால் வெள்ளைப் பகுதியில் போடுவார்கள். சில நொடியில் முடிந்துவிடும். தொடக்கத்தில் பொதுவாக மாதம் ஒன்றாக மூன்று. அதன்பின் ஸ்கேனைப் பார்த்து இடைவெளியைக் கூட்டுவார்கள். மூன்றாவது ஊசியோடு “பரவாயில்லை, தெரியுது” என்று நிறுத்திவிடுவதுதான் இங்கே நடக்கிற பெரிய தவறு. நோய் அடங்கியிருக்கிறது, போய்விடவில்லை. ஊசி போட்ட ஒரு வாரத்துக்குள் வலி, சிவப்பு, பார்வை மங்கல் மூன்றில் எது வந்தாலும் அன்றே, ஞாயிற்றுக்கிழமை என்றாலும், திரும்பப் போக வேண்டும். கண்ணுக்குள் கிருமித்தொற்று ஆயிரக்கணக்கான ஊசிகளில் ஒன்றுக்கு வருவது. வந்தால் மணிக்கணக்கில் பார்வையைக் கொண்டுபோகும்.

இந்த ஊசி மருந்துகளில் ரானிபிசுமாப் 2006இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கென்றே அனுமதி பெற்ற மருந்து. அதன் விலை குறைந்த வடிவத்தை 2015இல் இந்திய நிறுவனம் ஒன்றே சந்தைக்குக் கொண்டுவந்தது. கண்ணுக்குப் போடும் இன்னொரு மருந்தான பெவாசிசுமாப் அடிப்படையில் புற்றுநோய் மருந்து. ஒரு குப்பியைப் பல சிறு ஊசிகளாகப் பிரிப்பதால் செலவு பல மடங்கு குறைகிறது. இரண்டும் ஏறத்தாழ ஒரே பலன் தருவதாக 2011இல் வெளியான பெரிய ஒப்பீட்டு ஆய்வு காட்டியது; உலக சுகாதார நிறுவனமும் கண்ணுக்கான அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் பெவாசிசுமாபைச் சேர்த்திருக்கிறது. பிரித்து நிரப்பும் இடத்தின் சுத்தம்தான் கேள்வி. குஜராத்தில் பெவாசிசுமாப் ஊசி போட்ட பலருக்குக் கண் பாதிக்கப்பட்டதால் 2016 ஜனவரியில் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை எச்சரிக்கை விட்டது, மார்ச்சில் விலக்கிக்கொண்டது. மலிவான மருந்தைத் தேர்வதில் தப்பில்லை என்பது என் கருத்து. ஆனால் எந்த மருந்து, அது எந்த நோய்க்கு அனுமதி பெற்றது, மாற்று என்ன, விலை என்ன என்று சொல்லிச் சம்மதம் வாங்குவது மருத்துவரின் கடமை. போதிய விவரம் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்பதை 2008இல் சமிரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. மருந்தின் பெயரும் பேட்ச் எண்ணும் பில்லில் இருக்கட்டும்.

உலர் வகைக்கு இந்த ஊசிகள் உதவாது என்றதும் விளம்பரக்காரர்களின் பக்கம் மனம் போகும். நடுத்தர நிலையை எட்டியவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பிட்ட விட்டமின், துத்தநாகம், லூட்டீன் கலவை நோய் முற்றும் அபாயத்தை ஐந்தாண்டில் கால்பங்கு அளவு குறைக்கிறது. ஆரம்ப நிலையில் அதற்கும் பலன் நிரூபிக்கப்படவில்லை. பீட்டா கரோட்டின் சேர்ந்த பழைய கலவை புகைபிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும். வாங்கும் முன் அட்டையைப் படியுங்கள். பீடி, சிகரெட்டை விடுவது மாத்திரைக்கும் மேலான மருந்து. கீரை நல்லது, வந்த நோயை அது துடைக்காது.

“ஆபரேஷன் இல்லாமல் பார்வை திரும்பும்” என்ற விளம்பரத்தைப் பார்த்தால் 1954ஆம் ஆண்டின் மருந்து, மாய நிவாரணங்கள் சட்டத்தை நினைவில் வையுங்கள். பார்வையிழப்பு, புரை, கிளாக்கோமா ஆகியவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே அதில் குற்றம். ஸ்டெம் செல் என்ற பெயர் படித்தவர்களையும் மயக்கும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஏ.எம்.டி. இருந்த மூன்று பெண்கள், 72 முதல் 88 வயதுக்காரர்கள், ஆளுக்கு 5,000 டாலர் கட்டி வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் போட்டுக்கொண்டார்கள். மூவருக்கும் இருந்த பார்வையும் பெரும்பாலும் போனது. 2017இல் மருத்துவ இதழில் வந்த செய்தி இது. பரிசோதனைச் சிகிச்சைக்குப் பணம் கேட்டாலே எழுந்து வந்துவிடலாம்.

இனி பணம். ஊசிக்கான காப்பீட்டுக் கோரிக்கையை “24 மணி நேரம் அட்மிட் ஆகலை” என்று திருப்பி அனுப்புவது வாடிக்கை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பாலிசியிலிருந்து ஒதுக்கக் கூடாத நவீன சிகிச்சைகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. கண்ணுக்குள் போடும் ஊசியும் அதில் உண்டு. இவ்வளவு தொகைக்குள்தான் என்று உச்சவரம்பு வைக்கலாம். அடியோடு மறுக்க முடியாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, அதே நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் காப்பீட்டு ஆம்பட்ஸ்மனிடம் முறையிடலாம். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அந்த அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில், அண்ணாசாலையில் இருக்கிறது. ஓராண்டுக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை.

சிகிச்சையிலேயே அலட்சியம் நடந்ததாகச் சந்தேகம் என்றால் முதலில் மருத்துவ ஆவணங்களை எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களின் நடத்தை விதி. பணம் கட்டிப் பெற்ற சிகிச்சைக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் அதற்கும் கட்டணம் கிடையாது. பின்விளைவு வந்ததாலேயே அது அலட்சியமாகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பார்வை குறைந்துபோனவர்களில் சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியும்: திண்ணையில் குழந்தைகள், சுவரில் பூவேலை, தொப்பி வைத்த ஆட்கள். சத்தம் வராது, அவை நிஜமில்லை என்று அவருக்கே தெரியும். பைத்தியம் என்பார்களோ, மந்திரவாதியிடம் கூட்டிப்போவார்களோ என்று பயந்து வாயே திறக்க மாட்டார். சுவிட்சர்லாந்தின் சார்ல் போனே தன் தாத்தாவுக்கு இப்படி நேர்ந்ததை 1760இலேயே எழுதிவைத்தார்; நோய்க்குறிக்கு அவர் பெயர்தான். விழித்திரையிலிருந்து காட்சி வராத இடத்தை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது, அவ்வளவுதான். “ஏதாவது உருவம் தெரியுதாப்பா?” என்று பிள்ளைகள் கேட்டுவிட்டால் பாதி பாரம் இறங்கிவிடும்.

இரண்டு கண்ணும் மோசமானால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குறைபார்வை தனி வகையாகவே இருக்கிறது. முதுமையில் வந்தது என்பதற்காகச் சான்றிதழ் மறுக்க இடமில்லை. 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று மதிப்பிட்டால் உதவித்தொகைக்கும் பிற சலுகைகளுக்கும் வழி திறக்கும். பழைய முறையில் வருமான வரி கட்டுபவருக்கு 80யூ பிரிவில் 75,000 ரூபாய் கழிவு உண்டு. சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் வழியை அரசு மருத்துவமனையின் கண் பிரிவிலோ மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலோ கேட்டுக்கொள்ளலாம். சோதிக்கும்போது ஓ.சி.டி. படங்களையும் கொண்டுபோங்கள். நடந்து வந்ததைப் பார்த்தே “நல்லாத்தானே நடக்கிறீங்க” என்று குறைத்து எழுதிவிட்டால், சட்டத்தின் 59ஆவது பிரிவு மேல்முறையீட்டுக்கு இடம் தருகிறது.