கோல்ஃப் பையில் முதல் செலவு எதற்கு?

2010 அக்டோபரில் வேல்ஸிலுள்ள செல்டிக் மேனரில் ரைடர் கோப்பை கோல்ஃப் போட்டி நடந்தது. முதல் நாளே அடைமழை. அமெரிக்க அணிக்கென்று தனியாகத் தயாரித்துக் கொடுத்த மழை உடைகளுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. உலகின் முன்னணி ஆட்டக்காரர்கள், மைதானத்தில் ரசிகர்களுக்காகப் போட்டிருந்த கடையிலிருந்து வேறு மழை உடைகளை வாங்கிப் போட்டுக்கொண்டு ஆட வேண்டியதாயிற்று.

புதிதாக கோல்ஃப் ஆட வருபவர்கள் பெரும்பாலும் அதிக தூரம் அடிக்கும் டிரைவர் கிளப்பின் விலையைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். செலவை வேறு இடத்தில் தொடங்குங்கள் என்பதே என் யோசனை. கை பிடிக்கும் கிரிப், கால் ஊன்றும் ஷூ, உடம்பை நனையாமல் காக்கும் உடை ஆகிய மூன்றும் சரியாக இருந்தால் சுமாரான கிளப்பும் சொன்ன பேச்சைக் கேட்கும். இவை சரியில்லை என்றால் லட்ச ரூபாய் கிளப்பும் ஈரக் கையில் நழுவும்.

எத்தனை கிளப் வேண்டும்?

விதிப்படி பையில் 14 கிளப் வரை வைத்துக்கொள்ளலாம். 2001 பிரிட்டிஷ் ஓபனின் கடைசிச் சுற்றில், ஆட்டக்காரர் இயன் வூஸ்னமின் பையில் 15 கிளப்புகள் இருப்பது இரண்டாவது ஹோலில் தெரியவந்தது. பயிற்சியின்போது அடித்துப் பார்த்த இன்னொரு டிரைவரை வெளியே எடுக்காமல் விட்டிருந்தார்கள். அவருக்கு இரண்டு ஸ்ட்ரோக் அபராதம் விழுந்தது. சுற்றைத் தொடங்கும் முன் பையை எண்ணிப் பார்ப்பது எல்லாருக்கும் நல்ல பழக்கம்.

தொடக்கத்தில் 14 தேவையே இல்லை. ஒரு டிரைவர், ஒரு ஹைபிரிட், 6, 7, 8, 9 எண் அயர்ன்களில் இரண்டு மூன்று, பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ், புட்டர் போதும். டிரைவரின் முகச் சாய்வு 10.5 பாகைக்குக் குறையாமல் இருக்கட்டும். சாய்வு கூடுதலாக இருந்தால் பந்து எளிதில் மேலே எழும். அயர்ன் தலையின் பின்புறத்தைக் குடைந்து, எடையை ஓரங்களுக்குத் தள்ளியிருந்தால், பந்து நடுவில் படாதபோதும் அதிகம் விலகாது.

கிளப்பின் தண்டான ஷாஃப்ட்டின் வளைவுத் தன்மை உங்கள் வேகத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். டிரைவரைச் சுழற்றும் வேகம் மணிக்கு சுமார் 135 முதல் 150 கிலோமீட்டர் என்றால் ரெகுலர் வகை பொருந்தும். அதற்கு மேல் என்றால் ஸ்டிஃப், கீழே என்றால் இன்னும் இளகிய வகை. விறைப்பானதை வாங்கினால் தூரம் கூடும் என்று நினைப்பவர்கள் உண்டு. மெதுவாகச் சுழற்றுபவர்களுக்கு அதனால் பந்து தாழ்ந்து, வலப்பக்கம் ஒதுங்கிப் போவதுதான் வழக்கம்.

பழைய கிளப் வாங்குகிறீர்களா? கிரிப், முகத்திலுள்ள கோடுகள், தலையும் ஷாஃப்ட்டும் சேரும் இடம் ஆகிய மூன்றையும் பாருங்கள். தலையைப் பிடித்து மெல்லத் திருகும்போது அசைந்தாலோ உள்ளே ஏதாவது குலுங்கினாலோ வேண்டாம். ஏற்கெனவே ஆடும் அயர்னின் அடிப்பாகத்தையும் கவனியுங்கள். தேய்மானம் நடுவில் இருந்தால் கோணம் சரி. ஷாஃப்ட் பக்க ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் கிளப் உங்களுக்கு அதிக நிமிர்வாக இருக்கிறது. வலக்கைக்காரருக்குப் பந்து இடப்பக்கம் போகும். இதை விற்பனையகத்தில் வளைத்துச் சரிசெய்யலாம்.

கிரிப்

வலக்கைக்காரர் இடக்கையால் கிளப்பைப் பிடிக்கும்போது நடுவிரல், மோதிர விரல் நுனிகள் உள்ளங்கையை லேசாகத் தொட வேண்டும். நகம் அழுந்தினால் கிரிப் மெல்லியது; இடைவெளி விழுந்தால் தடித்தது. வியர்வையும் கைத் தோலின் எண்ணெயும் ரப்பரில் படிந்து அதை வழுவழுப்பாக்குகின்றன. இளஞ்சூட்டுத் தண்ணீரில் சிறிது பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்தால் பிடிப்பு திரும்பும். கட்டைவிரல் படும் இடம் பளபளத்தாலோ வெடிப்பு விட்டாலோ மாற்றிவிடுங்கள். வாரம் ஒருமுறை ஆடுபவர் ஆண்டுக்கொரு முறை மாற்றலாம். ஒரு புது டிரைவரின் விலைக்கு முன்னால் இந்தச் செலவு மிகச் சிறியது.

ஆடி முடித்த பின்

அயர்ன் முகத்தின் கோடுகளில் மண்ணும் புல்லும் அடைத்துக்கொண்டால் பந்தில் சுழற்சி ஏறாது; கிரீனில் விழுந்த பந்து நிற்காமல் ஓடும். அதனால் ஒவ்வோர் அடிக்குப் பிறகும் துண்டால் துடைப்பது நல்லது. வீட்டில் தலைப்பகுதியை மட்டும் சோப்புத் தண்ணீரில் நனைத்து, நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, உடனே ஈரம் போகத் துடையுங்கள். ஷாஃப்ட் சேரும் இடம் வரை ஊறவைக்க வேண்டாம். டிரைவரை ஈரத்துணியால் துடைத்தாலே போதும். மழையில் நனைந்த தலை உறைகளைக் கழற்றிக் காயப்போடுங்கள். அவற்றை அப்படியே மாட்டி வைத்தால்தான் துரு பிடிக்கிறது.

பையை கார் டிக்கியிலேயே விட்டுவிடுவது நம் ஊரில் மிகப் பரவலான தவறு. மே மாத வெயிலில் மூடிய டிக்கி கொதிக்கும். தலையையும் ஷாஃப்ட்டையும் ஒட்டியிருக்கும் பசை அந்தச் சூட்டில் நாளடைவில் தளரும், கிரிப்பும் கெடும்.

மழை உடையைச் சோதிப்பது

மழை உடையில் 10,000 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தால், துணியின் மேல் பத்து மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தை அது தாங்கும் என்று பொருள். அத்துடன் தையல்களின் உட்புறம் டேப் ஒட்டி அடைத்திருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். துணி எவ்வளவு நல்லதானாலும் ஊசித் துளை வழியே தண்ணீர் வரும். உடம்பின் நீராவி வெளியேறும் அளவை, ஒரு சதுர மீட்டர் வழியே 24 மணி நேரத்தில் இத்தனை கிராம் என்று தனியாகக் குறித்திருப்பார்கள். அது குறைவாக இருந்தால் வியர்வையிலேயே நனைவீர்கள். கடையில் ஸ்வெட்டருக்கு மேல் போட்டு, முழு ஸ்விங் சுழற்றிப் பார்த்த பிறகே வாங்குங்கள்.

ஊட்டி, கொடைக்கானல் மைதானங்களில் மழையோடு குளிரும் சேரும்போது மூன்று அடுக்கு உதவும். உள்ளே வியர்வையை உறிஞ்சி உலர்த்தும் பாலியஸ்டர் அல்லது மெல்லிய மெரினோ கம்பளி, நடுவில் ஃபிளீஸ், மேலே மழை உடை. பருத்தி நனைந்தால் கனக்கும், சீக்கிரம் காயாது. சென்னைப் புழுக்கத்தில் முழு மழை உடை வேதனை. அரைக்கை மழைச் சட்டையும் பெரிய குடையும் கூடுதலாக ஒரு துண்டும் மேல். வெயில் நாளுக்கு யு.பி.எஃப். 50 என்று குறித்த முழுக்கைச் சட்டை, புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும்.

மழை உடையைத் துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவம் சேர்க்கக் கூடாது. அது மேற்பூச்சைக் கெடுக்கும். தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் துணியில் படிந்தால், அந்தப் பூச்சைப் புதுப்பிக்கும் ஸ்ப்ரே அடிக்கலாம்.

கையுறையும் ஷூவும்

தோல் கையுறை நனைந்தால் வழுக்கும். ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் மழைக் கையுறைகள் ஜோடியாகவே கிடைக்கின்றன. தோல் கையுறையைச் சுருட்டி வைக்காமல் விரித்து, நிழலில் காயவிடுங்கள். ஷூவை, பாதம் சற்று விரிந்திருக்கும் மாலை நேரத்தில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். நேர் வெயிலும் ஹேர் டிரையரும் தோலை வெடிக்கவைக்கும்.

இடி கேட்டால் எந்த உடையும் காப்பாற்றாது. மின்னல் அபாயம் இருப்பதாக நினைத்தால் ஆட்டத்தை உடனே நிறுத்த விதியே அனுமதிக்கிறது. குடையையும் கிளப்பையும் கீழே போட்டு, மரத்தடிக்குப் போகாமல், கட்டடத்துக்குள் செல்லுங்கள்.

வாங்கும் வரிசை இதுதான்: பொருந்தும் ஷூ, புது கிரிப் போட்ட பழைய அரை செட், இரண்டு கையுறைகள், நல்ல மழை உடை. ஓராண்டு ஆடி, உங்கள் வேகமும் பழக்கமும் நிலைப்பட்ட பிறகு புது டிரைவருக்குப் பணம் எடுங்கள். எது உங்களுக்குப் பொருந்தும் என்பது அப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும்.