பரணில் இருந்த ஜப்பானிய வாள்

ஜப்பான்காரன் காலம் என்றதும் நம் பெரியவர்கள் மரவள்ளிக்கிழங்கைச் சொல்வார்கள். சயாம் ரயிலைச் சொல்வார்கள். சுங்கை சோ பக்கத்தில் ஒரு குடும்பத்தார் இன்னொன்றையும் சொல்லி வந்தார்கள். அது பாட்டனாரின் வாள். 1942-இல் சைக்கிளில் வந்திறங்கிய ஜப்பானிய அதிகாரி ஒருவனிடமிருந்து பாட்டனார் அதைப் பறித்தார் என்பது கதை. அவர் இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. என்னிடம் படித்த அவருடைய கொள்ளுப்பேரன் ஒருநாள் வந்து, "சார், இது உண்மையிலேயே பழைய வாளா? எங்கே செய்தது என்று கண்டுபிடிக்க முடியுமா?" என்று கேட்டான். அதைத் தேடிய விதத்தைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு வேண்டுகோள். இப்படி ஒரு பொருள் உங்கள் வீட்டில் இருந்தால் அதைத் துலக்காதீர்கள். நம் வீடுகளில் பழைய உலோகத்தைக் கண்டால் புளியும் சாம்பலும் கையுமாக உட்கார்ந்துவிடுவோம். குத்துவிளக்குக்கு அது சரி. ஜப்பானிய வாளுக்கு அது கேடு. பிடிக்குள் நுழைந்திருக்கும் இரும்புக் காம்பில்தான் வாளின் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. கொல்லர் தம் பெயரை அதில்தான் வெட்டுவார். அந்தக் காம்பின் துருவைக்கூட அறிந்தவர்கள் படிப்பார்கள். பல நூறாண்டுத் துரு கறுத்து, இறுகி, வழவழப்பாக இருக்கும். சில பத்தாண்டுத் துரு செம்பழுப்பாகக் கையில் ஒட்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தச் சாட்சி போய்விடும்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியத் தரைப்படையினர் ஏந்திய வாள்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, சார்ஜன்ட் போன்றவர்களுக்கு அரசாங்கமே கொடுத்தது. இயந்திரத்தில் செய்தது. பிடி உலோக வார்ப்பு. கயிறு சுற்றியதுபோல வண்ணம் பூசியிருக்கும். அலகில் வரிசை எண் பொறித்திருக்கும். மற்றொன்று அதிகாரிகளின் வாள். அதை அவர்கள் தம் சொந்தப் பணத்தில் வாங்கவேண்டும். ஆகவே வசதிக்கேற்ப வாங்கினார்கள். 1876-இல் ஜப்பானிய அரசு பொதுமக்கள் வாள் தரிப்பதைத் தடை செய்திருந்தது. அதன்பின் பல வீடுகளில் முன்னோர் வாள் பெட்டிக்குள் கிடந்தது. 1934-இல் படைக்குப் புதிய வகை வாள் வகுக்கப்பட்டபோது, சில அதிகாரிகள் அந்த மூதாதையர் அலகுக்கே புதுப் பிடியும் புது உறையும் போட்டுக்கொண்டு போருக்கு வந்தார்கள். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே ஒன்று நானூறு வயது, ஒன்று நான்கு வயது. அதனால்தான் உறையைப் பார்த்து விலை பேசும் ஆட்களை நம்பவேண்டாம் என்கிறேன்.

நம்மவர்க்கு ஒரு சுவையான செய்தி. 17-ஆம் நூற்றாண்டில் தொக்குகவா ஆட்சியாளருக்கு வாள் செய்த யசுத்சுகு என்ற கொல்லர், தம் வாள்கள் பலவற்றில் 'தெற்கிலிருந்து கப்பலில் வந்த அந்நிய இரும்பால் செய்தது' என்ற பொருள்பட எழுதிவைத்தார். அந்த இரும்பு இந்தியாவிலிருந்து போயிருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு.

நம் கதைக்கு வருவோம். அந்தப் பையன் வாளைப் பேருந்தில் தூக்கிவரப் பார்த்தான். நான் தடுத்துவிட்டேன். தகுந்த காரணமில்லாமல் ஆயுதத்தைப் பொது இடத்தில் வைத்திருப்பது நம் நாட்டில் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன். பழைய சாரத்தில் சுற்றிப் பரணில் வைத்திருந்தார்கள். பிடியில் துணிநாடாச் சுற்று, அதன் அடியில் சொரசொரப்பான திருக்கைத்தோல், வெண்கலப் பூணில் செர்ரிப்பூ வேலைப்பாடு. அதிகாரியின் வாள்தான். பிடியின் நடுவில் ஒரு சிறு மூங்கில் ஆணி இருந்தது. வாள் முழுவதையும் பிடிக்குள் நிறுத்துவது அந்த ஒரே ஆணிதான்! அதை மெல்லத் தட்டி எடுத்தோம். பிடி கழன்றது.

காம்பின் ஒரு பக்கம் பெயர், மறுபக்கம் ஆண்டு. பெயரை உடனே நம்பக்கூடாது. புகழ்பெற்ற கொல்லர் பெயரைப் பொய்யாக வெட்டுவது ஜப்பானில் பழைய வியாபாரம். ஆண்டு எளிது. ஜப்பானியர் அரசரின் ஆட்சிக்காலத்தை வைத்து ஆண்டு எண்ணுவார்கள். போர்க்காலத்தது ஷோவா ஆட்சி. ஷோவா எண்ணோடு 1925-ஐக் கூட்டினால் நம் ஆண்டு வந்துவிடும். அவர்கள் எழுத்தில் பத்து என்பது சிலுவைக் குறி. எட்டு என்பது கூரைபோல் விலகிச் சரியும் இரண்டு கோடு. இங்கே சிலுவையும் கூரையும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. ஷோவா 18. அதாவது 1943.

பையன் முகம் சுருங்கிவிட்டது. பழைய வாள் இல்லை என்பதற்காக மட்டுமல்ல. சிலிம் ரிவரில் இந்திய, பிரிட்டிஷ் படைகள் முறிந்தது 1942 ஜனவரி 7-இல். கோலாலம்பூர் விழுந்தது 11-இல். இடைப்பட்ட நாட்களில்தான் ஜப்பானியர் செரண்டா, சுங்கை சோ, ரவாங் வழியாக இறங்கினார்கள். 1943-இல் செய்த வாளை 1942-இல் எப்படிப் பறிப்பது? போதாக்குறைக்கு, பாட்டனாரை 1943-இல் சயாமுக்குப் பிடித்துப் போயிருந்தார்கள். 1946-இல்தான் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்.

அப்போது உள்ளறையிலிருந்து பாட்டனாரின் மகள், தொண்ணூறை நெருங்கிய மூதாட்டி, குரல் கொடுத்தார்: "அது அப்பா கொண்டாந்தது இல்ல சார். அம்மா வாங்குனது."

1945 ஆகஸ்ட் 15-இல் ஜப்பான் சரணடைவதாக அறிவித்தது. பிரிட்டிஷார் செப்டம்பர் 9-இல் மோரிப் கரையில் இறங்கி, 13-ஆம் தேதி கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கூடத்தில் சரணாகதிப் பத்திரத்தில் கையொப்பம் வாங்கினார்கள். இடையில் ஏறக்குறைய நான்கு வாரம். அந்த வாரங்களில் ஒரு மாலை, ஓர் அதிகாரி லயத்துப் பின்பக்கம் வந்து சட்டையைக் காட்டி, உடுத்தத் துணி வேண்டும் என்று சைகை காட்டினானாம். அம்மா ஒரு சாரமும் அவித்த கிழங்கும் கொடுத்தாராம். அவன் வாளை வைத்துவிட்டு ரப்பர் மரங்களுக்குள் போய்விட்டான்.

முறைப்படி கொடுத்தவர்களின் வாள்கள் வேறு வழி போயின. அதிகாரிகள் வாளைக் கையால் கொடுத்தே சரணடையவேண்டும் என்பது மவுண்ட்பேட்டனின் பிடிவாதம். ஜெனரல் இத்தாகாக்கி 1946 பிப்ரவரி 22-இல் கோலாலம்பூரில் தம் வாளைக் கொடுத்தார். அப்படிப் பெற்றவற்றில் பல, நினைவுப்பொருளாகக் கடல் தாண்டிவிட்டன.

இந்த வாள் இங்கேயே நின்றது. 1948-இல் அவசரகாலம் வந்ததும் வீட்டில் ஆயுதம் இருப்பதற்கே அஞ்சி, கோழிக்கூட்டின் கீழே புதைத்தார்கள். அலகில் உள்ள குழித்துரு அந்தக் காலத்தது. பல ஆண்டு கழித்துத் தோண்டி எடுத்தபோது, யாராவது கேட்டால் ஆம்பிளை பறித்தது என்று சொல்வதே நல்லது என்று அம்மாதான் சொல்லிவைத்தாராம். கணவன் இல்லாத மூன்று ஆண்டு, இரண்டு பிள்ளைகளைக் கிழங்கு போட்டுக் காப்பாற்றியவர் அவர். அதைப்பற்றி அந்த வீட்டில் ஒரு கதையும் இருந்ததில்லை.

பெயர் வெட்டிய பக்கத்தைப் படம் பிடித்து, வாசிக்கத் தெரிந்தவருக்கு அனுப்பியிருக்கிறோம். பதில் வரட்டும். பையன் அலகில் மெல்லிய எண்ணெய் தடவி, காம்பைத் தொடாமல், ஆணியை மறுபடி பொருத்தினான். பிறகு ஒரு பள்ளி நோட்டை எடுத்துக்கொண்டு பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தான். முதல் கேள்வி, கொடுத்த சாரம் என்ன நிறம் என்பது. பச்சைக் கட்டம் என்றார் பாட்டி.