கடலோரக் கள ஆய்வுத் தரவுகளும் வன்தட்டுப் பழுதும்: தோணிரேவை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

திருவள்ளூர் மாவட்டத்தில் பழவேற்காடு ஏரியை ஒட்டி அமைந்த சிற்றூர் தோணிரேவு. இவ்வூரின் பனையோலைக் கைவினை, ஏரி மீனவரிடையே வழங்கும் பாடு முறை, மீனும் வலையும் காற்றும் குறித்த வழக்குச்சொற்கள் ஆகியவற்றைத் தொகுக்கும் ஆய்வாளருக்கு ஒலிப்பதிவே முதன்மைச் சான்றாகும். அப்பதிவு ஒரே வன்தட்டில் இருந்து, அதுவும் பழுதானால் சான்று முழுவதும் அழியும். தகவலாளர் முதியவராயின் அதனை மீண்டும் பெறுதல் அரிது. எனவே வன்தட்டுப் பழுதின் காரணங்களை இக்கட்டுரை விளக்குகிறது.

பழுதின் வகைகள்

வன்தட்டினுள் காந்தப் பூச்சுடைய தட்டுகள் பெரும்பாலும் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. அவற்றின் மேல் படிப்பு-எழுது முனை சில நானோமீட்டர் இடைவெளியில் மிதக்கிறது. இயங்கும்போது வன்தட்டு அதிர்ந்தால், முனை தட்டில் உராய்ந்து பூச்சைச் சிதைக்கும். சுழல் மோட்டாரின் தேய்மானம், மின்சுற்றுப் பலகையின் கோளாறு, எழுதும்போது நேரும் மின்தடை ஆகியவை பிற காரணங்கள்.

வெப்பமும் ஈரப்பதமும்

வெப்பமே முதன்மைக் காரணம் என்பது பொதுக்கருத்து. ஆனால் 1,00,000க்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து கூகுள் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட கட்டுரை, வெப்பநிலைக்கும் பழுதுக்கும் எதிர்பார்த்த அளவு தொடர்பில்லை என்றது. மைக்ரோசாஃப்டின் 9 தரவு மையங்களை ஆராய்ந்த 2016ஆம் ஆண்டுக் கட்டுரை, ஒப்பு ஈரப்பதமே மேலோங்கிய காரணி என்றும், மிகுந்த ஈரப்பதத்தில் கட்டுப்பாட்டுச் சுற்றும் இணைப்பும் கெடுகின்றன என்றும் காட்டியது. ஈரக்காற்றோடு உப்பும் சேரும் ஏரிக்கரையில் உலோக முனைகள் அரிக்கப்படுவது எளிது.

எச்சரிக்கையின் எல்லை

வன்தட்டு தன் நிலையைத் தானே கண்காணிக்கும் ‘ஸ்மார்ட்’ வசதியை மட்டும் நம்புதல் தகாது. மேற்கண்ட கூகுள் ஆய்வில், பழுதானவற்றுள் 56 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை நான்கு முதன்மைக் குறியீடுகளில் எவ்வித அறிகுறியையும் காட்டவில்லை.

முடிவுரை

எச்சரிக்கை இன்றியும் பழுது நேரும் ஆதலின் படியெடுத்தலே உறுதியான காப்பு. பதிவு செய்த நாளிலேயே இரு படிகள் எடுத்து, ஒன்றைக் கரையோரத்திற்கு அப்பால் வைத்தல் வேண்டும். வன்தட்டைச் சிலிக்கா ஜெல் இட்ட மூடிய பெட்டியில் காத்தலும், ஓடும் படகில் இயக்காதிருத்தலும் நன்று. குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே கொணர்ந்தால், அதில் நீர் படியக்கூடும். ஆதலின் சற்றுநேரம் கழித்தே இயக்க வேண்டும். ‘டிக் டிக்’ என்னும் ஒலி எழுந்தால் உடனே நிறுத்துதல் வேண்டும். மீண்டும் மீண்டும் இயக்கினால் எஞ்சிய தரவும் சிதையும். படியெடுத்தலைக் களப்பணிக்குப் பிந்தைய வேலையாகக் கருதாமல், தரவு சேகரிப்பு முறையின் ஒரு கூறாகவே ஆய்வேடுகள் கொள்ளுதல் தகும்.