ஒரே தொட்டி, ஒரே நாணயம்

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் மரவள்ளி பயிரிடும் நம் அங்கத்தினர்கள் நன்கறிவார்கள்: பிடுங்கிய கிழங்கு காத்திராது, காத்திராத சரக்குக்கு வாங்குபவன் சொன்னதே விலை. பிரான்சின் தென்பகுதியில் மரோசான் என்னும் சிற்றூரின் திராட்சைக் குடியானவர்களும் இந்நிலையிலேயே இருந்தார்கள். பறித்த பழம் விரைவில் கெடும். சாற்றை ஒயினாக்கிச் சேமிக்கப் போதிய தொட்டிகள் எளியவரிடம் இல்லை. சர்க்கரையும் நீரும் கலந்த போலிச் சரக்கும் மலிந்து, விலை வீழ்ந்தது.

1901-ல் அவர்கள் சங்கம் கண்டார்கள். தத்தம் ஒயினை ஒன்றுசேர்த்து, பாரிஸ் நகரத் தொழிலாளரின் கூட்டுறவுப் பண்டகசாலைகளுக்கு நேரே விற்றார்கள். தரகு மிஞ்சியது, உழைப்பாளிக்கும் கலப்படமற்ற சரக்கு கிட்டியது. 1905-ல் பொதுத் தொட்டிகளுடன் சொந்தக் கட்டடமும் எழுந்தது.

நம் சேலத்திலும் 1981-ல் ஜவ்வரிசி, ஸ்டார்ச் உற்பத்தியாளர்கள் சேகோசர்வ் சங்கத்தை அமைத்தார்கள். சரக்கைக் கிடங்கில் வைத்து, அதன்பேரில் முன்பணம் பெற்று, ஏலத்தில் விற்க வழி பிறந்தது.

மதுவை நாம் போற்றவில்லை; முறையையே போற்றுகிறோம். பொதுத் தொட்டியில் ஒருவர் ஊற்றும் கலப்படம் அனைவர் சரக்கையும் கெடுக்கும். ஜவ்வரிசி மூட்டைக்கும், நம் தறியில் இறங்கும் சேலைக்கும் இதுவே விதி. சங்கத்தின் முதல் மூலதனம் பங்குத்தொகை அன்று, அங்கத்தினரின் நாணயமே.