கௌதாரியை நெருங்கும் கால்

கௌதாரி தலையைத் தூக்கிவிட்டால் கால் அங்கேயே நின்றுவிட வேண்டும், எடுத்த கால் அந்தரத்தில் இருந்தாலும் சரி. அது மறுபடி குனிந்து மண்ணைக் கிளறும்போதுதான் அடுத்த எட்டு. எட்டயபுரத்துப் புஞ்சைக்காட்டில் என் தாத்தா சொல்லித்தந்த முதல் பாடம் இது.

அவர் காலத்தில் பழக்கிய கௌதாரியைக் கூண்டில் வைத்துக் கூவவிடுவார்கள். தன் எல்லைக்குள் வேறொன்று வந்துவிட்டதென்று காட்டுக் கௌதாரி சண்டைக்கு ஓடிவந்து, சுற்றி வைத்த கண்ணியில் விழும். அமெரிக்காவில் காட்டு வான்கோழி வேட்டைக்காரர்கள் பெட்டையின் குரலை எழுப்பிச் சேவலை வரவழைப்பதும் ஏறக்குறைய இதே சூட்சுமம். அங்கே உரிமம் வாங்கி வேட்டையாடலாம். இங்கே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கௌதாரி வேட்டை குற்றம். வான்கோழியின் குடும்பத்தைச் சேர்ந்த மயிலைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. கண்ணி ஒழிய வேண்டியதுதான். ஆனால் நெருங்கும் வித்தை அதோடு சேர்ந்து போய்விடக் கூடாது. கேமராவோடு வரும் பிள்ளைகளுக்கு அது தேவை.

முதலில் தரையைப் பாருங்கள். மழைக்கு மறுநாள் கரிசல் செருப்பில் அப்பிக்கொண்டு ஆளை விடாது. கோடையில் பாளம் பாளமாய் வெடித்து, மேல்கட்டி காலடியில் நொறுங்கும். காய்ந்த பருத்திமார் ஒன்று ஒடிந்தால் போதும், அந்தக் காடே காலியாகிவிடும். ஓடை மணலில் மட்டும் சத்தம் எழாது. அதனால் ஓடைக்குள் இறங்கி, கரையிலுள்ள வேலிக்கருவை மறைவில் போக வேண்டும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை ஆகாது. பறவைக்கு நிறம் நன்றாகத் தெரியும்.

"மூஞ்சிக்கு நேரா போகாதலே, பொழி மேல வேலையா போறவன் மாதிரி போ" என்பார் தாத்தா. இதுதான் எல்லாவற்றிலும் பெரிய பாடம். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் தலையைத் திருப்பாமலே நம்மைக் கவனித்துவிடும். சாய்வாக, ஒதுங்கிப் போகிறவனைப் பொறுத்துக்கொள்ளும். நேராக வருகிறவனைப் பொறுக்காது. அப்படிப் போனால்தான் கழுத்தடியில் மெல்லிய கறுப்புக் கோடும், சேவலின் காலில் முள்ளும் தெரியும் தூரத்துக்கு வர முடியும்.

மயில் இதைவிடக் கடினம். கூட்டமாக மேயும்போது எல்லாம் ஒரே நேரத்தில் குனிவதில்லை. ஒன்றாவது காவல் பார்க்கும். அவற்றிடம் நடந்து போவதைவிட, விடியுமுன் மேய்ச்சல் காட்டில் உட்கார்ந்து, அவை இறங்கிவரக் காத்திருப்பதே நல்லது.

இன்னொன்று. கௌதாரி தரையில்தான் முட்டையிடும். பறந்து போகாமல் உங்களைச் சுற்றியே பதறிக் கத்தினால், பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்று அர்த்தம். படம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள்.