சிக்னலில் எஞ்சின் ஏன் சில சமயம் மட்டும் அணைகிறது?

சிவப்பு விளக்கில் கார் நின்றதும் எஞ்சின் தானாக அணைந்துவிடும். பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் தானாகவே மீண்டும் இயங்கும். சிங்கப்பூர்ச் சாலைகளில் ஓடும் பெட்ரோல் கார்கள் பலவற்றில் இன்று இந்த வசதி உண்டு. ஆனால் அது எப்போது வேலை செய்யும், எப்போது செய்யாது என்பது வண்டி வைத்திருப்பவருக்கே புதிராக இருக்கிறது. ஒரு சிக்னலில் அணைகிறது, அடுத்ததில் அணைவதில்லை. ஒரு வாரம் முழுக்க ஒன்றுமே நடக்காது, பிறகு திடீரென்று ஒரு நாள் மறுபடியும் வேலை செய்யும். கோளாறுதான் என்று முடிவுகட்டி உரிமையாளர் பட்டறைக்குப் போகிறார். கணினியைப் பொருத்திப் பார்த்த மெக்கானிக், பிழை எதுவும் இல்லை என்று திருப்பி அனுப்புகிறார்.

பெரும்பாலும் இருவர் சொல்வதும் சரியே. எஞ்சின் அணையவில்லை என்பது உண்மை. பழுது இல்லை என்பதும் உண்மை.

இதை விளக்கு சுவிட்சைப் போல நினைத்துக்கொள்வதால்தான் இந்தக் குழப்பம். உண்மையில் இது பல பேரிடம் அனுமதி கேட்டு நடக்கும் காரியம். கார் நின்ற கணத்தில் வண்டியின் கணினி வரிசையாக விசாரிக்கிறது. எஞ்சின் போதிய அளவு சூடேறிவிட்டதா? ஓட்டுநர் சீட் பெல்ட் அணிந்திருக்கிறாரா? கதவும் பானெட்டும் மூடியிருக்கின்றனவா? ஸ்டியரிங் நேராக இருக்கிறதா, பாதி திரும்பிய நிலையில் இருக்கிறதா? பிரேக்குக்கு வேண்டிய அழுத்தம் சேமிப்பில் இருக்கிறதா? சாலை மிகவும் சரிவானதா? இதில் ஒரே ஒரு பதில் சாதகமாக இல்லாவிட்டாலும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். முதலில் பாதுகாப்பு, பிறகு மறுபடி ஸ்டார்ட் ஆகும் என்ற உறுதி, அதன்பின் பயணிகளின் சௌகரியம், கடைசியில்தான் பெட்ரோல் சேமிப்பு. தயாரிப்பாளர்கள் வகுத்திருக்கும் வரிசை ஏறக்குறைய இதுதான்.

நம் ஊர் வெயிலில் இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். சாங்கி கடற்கரைப் பூங்காவின் திறந்தவெளி கார் நிறுத்துமிடத்தில் நண்பகலில் இரண்டு மணி நேரம் கார் நிற்கிறது. உள்ளே கை வைக்க முடியாத சூடு. உரிமையாளர் ஏறி உட்கார்ந்து ஏர்கானை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு புறப்படுகிறார். லோயாங் அவென்யூ சிக்னல்கள் எதிலும் எஞ்சின் அணையாது. காரணம் எளிது. சாதாரண பெட்ரோல் காரில் ஏர்கான் கம்ப்ரெசரைச் சுழற்றுவது எஞ்சினோடு இணைந்த பெல்ட். எஞ்சின் நின்றால் கம்ப்ரெசரும் நிற்கும். காற்றாடி மட்டும் சுற்றும். ஏர்கானில் வைத்த வெப்பநிலைக்கும் காரின் உள்வெப்பத்துக்கும் இடைவெளி அதிகமாக இருக்கும்வரை கணினி அனுமதி தராது.

அதே கார் விரைவுச்சாலையில் ஏறி, உள்ளே நன்றாகக் குளிர்ந்து, நகருக்குள் இறங்குகிறது. இப்போது முதல் சிக்னலிலேயே எஞ்சின் அணைகிறது. ஆனால் விளக்கு பச்சையாவதற்கு முன்பே மறுபடி இயங்கத் தொடங்கிவிடுகிறது. அதுவும் பழுதல்ல. உள்ளே வெப்பம் ஏறத் தொடங்கியதை உணர்ந்து கம்ப்ரெசருக்காக எஞ்சினை எழுப்பியிருக்கிறது. பிறகு ஞாயிற்றுக்கிழமை மாலை லிட்டில் இந்தியா நெரிசல். சிராங்கூன் ரோட்டில் கார் இரண்டடி நகர்ந்து நிற்கிறது, மறுபடி இரண்டடி. இங்கேயும் அணையாது. ஒருமுறை அணைந்த பிறகு குறிப்பிட்ட வேகத்தைத் தொட்டால்தான் அடுத்த முறை அணைவது என்று பல கார்களில் விதி வைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் தேக்காவிலிருந்து முஸ்தபா போய்ச் சேர்வதற்குள் ஸ்டார்ட்டர் ஐம்பது தடவை உழைக்க வேண்டிவரும்.

ஹைபிரிட் கார்களில் கம்ப்ரெசரே மின்சாரத்தில் ஓடுகிறது. எஞ்சின் நின்றாலும் குளிர் நிற்பதில்லை. ஹைபிரிட் டாக்சியில் போகும்போது ஓசையில்லாமல் குளிர் வந்துகொண்டிருப்பது இதனால்தான்.

வெயிலும் நெரிசலும் கண்ணுக்குத் தெரிந்த காரணங்கள். தெரியாத காரணம் பேட்டரி. அதிகம் கவனிக்க வேண்டியதும் அதைத்தான்.

எஞ்சின் நின்றிருக்கும் நேரத்தில் விளக்கு, வானொலி, காற்றாடி எல்லாம் பேட்டரியில்தான் ஓடுகின்றன. அதற்குமேல் மறுபடி ஸ்டார்ட் செய்யவும் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும். அதற்காகவே இந்தக் கார்களில் ஏஜிஎம் அல்லது ஈஎஃப்பி என்னும் உறுதியான வகை பேட்டரி பொருத்தப்படுகிறது. பல கார்களில் அதன் எதிர்முனையில் சிறிய உணர்கருவி ஒன்று இருக்கும். போகும் வரும் மின்சாரத்தைக் கணக்குப் பிள்ளைபோல அது எழுதி வைக்கிறது. இருப்பு ஒரு மட்டத்துக்குக் கீழே போனதும் எஞ்சினை அணைக்க அனுமதி கிடையாது. பேட்டரி கார் ஓடும்போதுதான் நிரம்பும். வீட்டிலிருந்து எம்ஆர்டி நிலையம், பள்ளி, சந்தை என்று பத்து பத்து நிமிடமாக ஓடும் கார் எடுத்த மின்சாரத்தைத் திருப்பிக் கொடுக்க நேரமே கிடைப்பதில்லை. நிறுத்தி வைத்த பிறகும் இரவெல்லாம் பதிவு செய்யும் டேஷ்கேம் இருந்தால் கேட்கவே வேண்டாம். சில நாள் ஒதுங்கியிருந்த வசதி, ஜொகூர் வரை ஒரு நீண்ட பயணம் போய்வந்ததும் திரும்பிவருவதன் மர்மம் இவ்வளவுதான்.

கூடுதல் கருவிகளின் கம்பியை நேரடியாகப் பேட்டரியின் எதிர்முனையில் கட்டிவிடுவது இன்னொரு தொல்லை. அந்தச் செலவு உணர்கருவியின் கணக்கில் வராது. மலிவு என்று சாதாரண பேட்டரியை மாற்றிப் போடுவதும் வம்புதான். அடிக்கடி வடிந்து நிரம்பும் வேலையை அது தாங்காது. சில கார்களில் புதிய பேட்டரி போட்டால் அதைக் கணினியில் பதிவு செய்யவும் வேண்டும். பதியாவிட்டால் பழைய பேட்டரிதான் இருக்கிறது என்று கணினி எண்ணிக்கொள்ளும்.

எப்போது கவலைப்பட வேண்டும்? நீண்ட பயணத்துக்குப் பிறகும், உள்ளே குளிர்ந்த பிறகும் வாரக்கணக்கில் ஒருமுறைகூட அணையவில்லை என்றால் பேட்டரியைச் சோதிப்பது நல்லது. காலையில் ஸ்டார்ட் ஆகச் சிரமப்படும் நாள் தூரத்தில் இல்லை என்பதற்கு அது முன்னறிவிப்பாக இருக்கலாம். சோதிக்காமலே மாற்றுவது வீண் செலவு. நடுத்தரப் பெட்ரோல் கார் ஓடாமல் நின்று ஒரு மணி நேரத்துக்கு எரிப்பது ஏறக்குறைய 0.6 முதல் 1 லிட்டர். தினமும் 20 நிமிடம் சிக்னலில் அணைந்து நின்றாலும் மிச்சம் கால் லிட்டர் அளவுதான். ஏஜிஎம் பேட்டரியின் விலையோ சில நூறு வெள்ளி. ஒருவரின் பைக்கு இந்த வசதி தரும் லாபம் சிறிது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். லாபம் ஊர்க் காற்றுக்கு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமிலவாயு வெளியாகிறது.

எண்ணம் புதியதல்ல. டொயோட்டா 1974லேயே கிரவுன் காரில் இதைப் பொருத்தியது. இந்தியாவில் மஹிந்திரா 2008ல் பொலேரோ, ஸ்கார்ப்பியோ வண்டிகளில் கொண்டுவந்தது. 2014ல் ஹீரோ ஸ்பிளெண்டர் மோட்டார்சைக்கிளுக்கே வந்துவிட்டது. பிடிக்காதவர்களும் ஏராளம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பின் தலைவர் லீ செல்டின் 2025 மே மாதம் இதை எல்லாரும் வெறுக்கிறார்கள் என்றே பகிரங்கமாகச் சொன்னார்.

பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். போக்குவரத்துக்காக நிற்பது வேறு. சாலையோரம் யாருக்காகவோ காத்திருப்பது வேறு. போக்குவரத்துக் காரணமின்றி நிற்கும் வண்டியில் எஞ்சினை ஓடவிடுவது சிங்கப்பூரில் குற்றம். தானாக அணையும் என்று விட்டுவிட்டால், சற்று நேரத்தில் ஏர்கானுக்காகத் தானாகவே ஓடத் தொடங்கும், அபராதம் ஓட்டுநருக்குத்தான். அதைவிடப் பெரிய ஆபத்து, சத்தம் இல்லாததால் கார் அணைந்துவிட்டதாக நினைத்து இறங்கிப் போய்விடுவது. கதவைத் திறந்தால் முழுவதும் அணைவதா, மீண்டும் இயங்குவதா என்பது காருக்குக் கார் மாறும். கியரை ‘பி’யில் வைத்து, கைபிரேக்கைப் போட்டு, பொத்தானை அழுத்தி எஞ்சினை முழுதாக அணைத்த பிறகே இறங்க வேண்டும். பின்னிருக்கையில் குழந்தை இருந்தால், குழந்தையை இறக்கிய பிறகே காரைவிட்டு நகர வேண்டும்.