குட்டை மாடு வாங்கப் போகிறீர்களா? உயரத்தை மட்டும் அளக்காதீர்கள்

"இரண்டரை அடிக்குக் கீழே இருக்கிற புங்கனூர் கன்று எங்கே கிடைக்கும்?" அண்மைக் காலமாக எனக்கு வரும் அழைப்புகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. எவ்வளவு பால் கறக்கும், என்ன தீவனம் தர வேண்டும் என்றெல்லாம் கேட்பவர்கள் குறைவு. 2024 பொங்கல் சமயத்தில் பிரதமர் தமது இல்லத்தில் புங்கனூர் மாடுகளுக்குத் தீவனம் கொடுக்கும் படங்கள் வெளிவந்த பிறகு இந்த ஆர்வம் இன்னும் கூடியிருக்கிறது. உயரம் குறையக் குறைய விலை ஏறுகிறது. வாங்குபவராகவோ விற்பவராகவோ நீங்கள் இதில் இறங்கும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது அவசியம்.

குட்டை இனம் வேறு, குட்டையாக்குவது வேறு

ஆந்திராவின் புங்கனூர், கேரளாவின் வெச்சூர், கர்நாடகாவின் மலநாடு கிட்டா ஆகியவை இயல்பிலேயே சிறிய உடல் கொண்ட நாட்டு இனங்கள். உயரம் சுமார் மூன்று அடிதான். குறைந்த தீவனத்தில் வாழும், வெயிலையும் மழையையும் தாங்கும். கிடைத்த மேய்ச்சலுக்கும் தட்பவெப்பத்துக்கும் ஏற்ப, பல தலைமுறைகளாக அமைந்த உடல் அது. எனவே குட்டை இன மாடு வளர்ப்பதில் எந்தத் தவறும் இல்லை.

வெச்சூர் இனம் அழியும் நிலைக்கு வந்தபோது, 1989-ல் பேராசிரியர் சோசம்மா ஐப் தமது மாணவர்களுடன் ஊர் ஊராகத் தேடி, எஞ்சியிருந்த மாடுகளைச் சேர்த்து அந்த இனத்தை மீட்டார். 2022-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவர் காக்க முயன்றது ஓர் இனத்தை. இன்றைய சந்தையோ அந்த இனத்திலேயே மிக மிகக் குட்டையானதைத் தேடுகிறது. சிக்கல் இங்குதான் தொடங்குகிறது.

2021-ல் வங்கதேசத்தில் 50.8 செ.மீ. உயரமுள்ள 'ராணி' என்ற பசுவைப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். சுமார் இரண்டு வயதிலேயே அது இறந்தது. உலகின் மிகக் குட்டையான பசு என்ற கின்னஸ் சாதனை அதன் பிறகுதான் வந்து சேர்ந்தது.

அமெரிக்கா கற்ற பாடம்

1940-களில் அமெரிக்காவில் ஹெர்போர்டு இன இறைச்சி மாடுகளில் குட்டையான, கட்டுமஸ்தான உடலுக்குக் கண்காட்சிகளில் பரிசு கிடைத்தது. பரிசு பெற்ற காளைகளையே எல்லோரும் இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தினார்கள். சில ஆண்டுகளில் பண்ணைகளில் புடைத்த நெற்றி, பெருத்த வயிறு, மூச்சு விடும்போது குறட்டைச் சத்தம் என்று குள்ளக் கன்றுகள் பிறக்கத் தொடங்கின. பல இளம் வயதிலேயே இறந்தன.

இது மறைந்திருக்கும் மரபணுக் குறை. தாய், தந்தை இரண்டும் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். இரண்டிலும் அந்தக் குறை இருந்தால், பிறக்கும் நான்கு கன்றுகளில் சராசரியாக ஒன்று பாதிக்கப்படும். காளையின் மதிப்பு போய்விடுமே என்று பலர் இதை வெளியே சொல்லவில்லை. அதனால் குறை மேலும் பரவியது. கடைசியில் புகழ்பெற்ற வம்சாவளிகளையே கழிக்க வேண்டியதாயிற்று.

அயர்லாந்தின் டெக்ஸ்டர் மாடுகளில் உள்ள ஒரு மரபணுக் குறை, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் மாட்டைக் குட்டைக்கால் ஆக்கும். இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால் உருச்சிதைந்த கன்று, கருவிலேயே இறந்து வெளியேறும். இன்று அதற்குப் பரிசோதனை இருக்கிறது. நம் புங்கனூரிலும் இதே குறை இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. உயரம் ஒன்றையே பார்த்துக் காளையைத் தேர்ந்தெடுத்தால், கண்ணுக்குத் தெரியாத குறைகளையும் சேர்த்தே பெருக்குவோம் என்பதே பாடம்.

இங்கே நான் பார்த்தது

ஒரு விவசாயி 'மினியேச்சர்' என்று சொல்லி விற்கப்பட்ட கிடேரியைப் பெரும் விலைக்கு வாங்கினார். பருவத்துக்கு வந்ததும், கையிருப்பில் இருந்த ஜெர்சி உறைவிந்தையே சினை ஊசியாகப் போட்டுவிட்டார்கள். ஈனும் நேரத்தில் கன்று வெளியே வர முடியவில்லை. மருத்துவர் இரவு முழுவதும் போராடியும் கன்று இறந்தது. கிடேரி அதன் பிறகு எழவே இல்லை. "பணம் போனது போகட்டும், அது கத்தின கத்தல் காதுலயே இருக்கு" என்றார் அந்த வீட்டு அம்மா.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

1. பல்லைப் பாருங்கள். முதல் இரண்டு நிலைப் பற்கள் ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரை வயதில்தான் முளைக்கும். எல்லாம் பால் பல்லாக இருந்தால், 'முழுதாக வளர்ந்தது' என்று காட்டப்படும் மாடு இன்னும் வளர வேண்டிய கன்றுதான்.

2. பால் குறைத்து, பட்டினி போட்டு வளர்ச்சியைத் தடுத்த கன்றுகளும் குட்டை என்று விற்கப்படுகின்றன. உடலுக்குப் பொருந்தாத பெரிய தலை, பானை வயிறு, சொரசொரப்பான ரோமம், துருத்தும் எலும்பு ஆகியவை அதன் அடையாளங்கள். அது இனக்குணம் அல்ல, கொடுமை.

3. தாயையும் தந்தையையும் நேரில் காட்டச் சொல்லுங்கள். அவை ஒன்றுக்கொன்று என்ன உறவு என்று கேளுங்கள்.

4. நடக்கவிட்டுப் பாருங்கள். கால் வளைவு, மூட்டு வீக்கம், மூச்சுத் திணறல் இருந்தால் வாங்க வேண்டாம்.

5. பால் மறக்காத கன்றை, பார்க்க அழகாக இருக்கிறது என்று தாயிடமிருந்து பிரித்து வாங்காதீர்கள். கன்றுக்கு நாளொன்றுக்கு அதன் உடல் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு பால் தேவை.

6. மாடு கூட்டமாக வாழும் பிராணி. மொட்டை மாடியிலும் வீட்டுக் கூடத்திலும் தனியாகக் கட்டிவைக்க அது பொம்மை அல்ல. நடமாட இடம், பசுந்தீவனம், துணைக்கு இன்னொரு மாடு ஆகியவை இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

இனப்பெருக்கம் செய்பவர்களுக்கு

தந்தைக் காளையை அதன் மகளுடனேயே சேர்த்தால், பிறக்கும் கன்றின் உள்இனப்பெருக்க அளவு 25 சதவிகிதம். ஒரே தந்தைக்குப் பிறந்தவற்றைச் சேர்த்தால் 12.5 சதவிகிதம். சினை பிடிக்காமை, பலவீனமான கன்று, நோய் எதிர்ப்புக் குறைவு எல்லாம் இதன் விளைவுகள். பொலிகாளையின் மகள்கள் பருவத்துக்கு வரும் முன்பே காளையை மாற்றிவிடுங்கள். குட்டைப் பசுவுக்கு அதே இனத்தின் விந்து மட்டுமே போட வேண்டும். உடல் எடை போதுமான அளவு எட்டாத கிடேரிக்குச் சினை ஊசி வேண்டாம். ஒவ்வொரு கன்றுக்கும் தாய், தந்தை, பிறந்த தேதி, எடை ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். ஊனமாகவோ இறந்தோ பிறந்த கன்றையும் அதே பதிவேட்டில் எழுதுங்கள், வாங்க வருபவருக்கு அதைக் காட்டுங்கள். அமெரிக்கப் பண்ணையாளர்கள் செய்யத் தவறியது அதைத்தான்.

தேர்வு செய்யும்போது சுலபமாக ஈனுதல், பால், காலின் உறுதி, ஆயுள் ஆகியவற்றை முதலில் பாருங்கள். இனத்துக்கு உரிய உயரம் இருந்தால் போதும். அதற்கும் கீழே ஓர் அங்குலம் குறைந்ததற்காக யாராவது கூடுதலாகப் பத்தாயிரம் கேட்டால், அந்த மாட்டால் சிரமமில்லாமல் ஈன முடியுமா என்று திருப்பிக் கேளுங்கள். பதிலில் தெளிவு இல்லை என்றால் விலை பேச வேண்டாம். பணம் கைமாறும் முன் உங்கள் பகுதிக் கால்நடை மருத்துவரை ஒருமுறை அழைத்துச் சென்று காட்டிவிடுங்கள்.